வாசகரிடம் உள்ளது

ஜூலை 7, திங்கள்

நூலக அட்டை வந்துவிட்டது. படத்தில் திருட்டுக் கொடுத்தவன் மாதிரி முழிக்கிறேன். கீழ் மூலையில் 214 என்று ஓர் எண். எதற்கோ.

கூடவே ஒரு தாள். நாளை காலை பத்து மணிக்குப் புதிய ஆய்வு மாணவர்களுக்கு நூலக அறிமுகம், இரண்டு மணி நேரம், அவசியம் வரவும். இருபத்தெட்டு வருஷம் முள்ளிலும் சேற்றிலும் சங்கிலி இழுத்து நிலம் அளந்தவன் நான். புலப்படத்தைக் கையில் கொடுத்தால் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் எல்லைக்கல்லைத் தோண்டிக் காட்டுவேன். எனக்கு ஒரு கட்டடத்தைச் சுற்றிக் காட்டப் போகிறார்களாம்!

மகள் இதே பல்கலைக்கழகத்தில்தான் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். "போயிட்டு வாங்கப்பா. அங்க எல்லாரும் தொலைஞ்சுதான் போவாங்க" என்றாள். கூடவே ஒரு நிபந்தனை: "லைப்ரரில என்னைப் பாத்தா தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க."

ஜூலை 8, செவ்வாய்

அறிமுகத்துக்குப் போகவில்லை. வீட்டுத் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துச் சரிசெய்தேன். முன்பு சத்தமாவது போட்டது.

ஜூலை 9, புதன்

நெறியாளரைப் பார்த்தேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். நான் மேடம் என்கிறேன், அவர் சார் என்கிறார், இருவருக்கும் கூச்சம்.

எல்லைத் தகராறுகளைப் பற்றி நான் எழுதிய நாற்பது பக்கத்தையும் புரட்டிவிட்டு, "எல்லாம் உங்க அனுபவம் சார். அனுபவத்துக்கு அடிக்குறிப்பு எங்க?" என்றார். என் கால் மூட்டைக் காட்டலாமா என்று யோசித்தேன்.

பழைய நில அளவைக் கையேடு ஒன்று இருக்கிறதாம். கல் நகர்ந்துவிட்டால் யார் சொல்வதை நம்புவது என்று அதில் ஒரு பகுதி முழுக்க இருக்கிறதாம். அது இல்லாமல் என் முதல் இயல் நிற்காது. நூலகத்தில் ஒரே ஒரு பிரதி. முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் இயல் வராவிட்டால் என் தற்காலிகப் பதிவு ரத்து. "அதுக்கு மேல என்னால பேச முடியாது சார்." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஆறு மாதத்துக்கு முன் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு படிக்க வந்தவன். அலுவலகத்தில் மாலை போட்டு அனுப்பினார்கள். திரும்பிப் போய் எந்த முகத்தோடு நிற்பது?

ஜூலை 10, வியாழன்

உள்ளே நுழைந்தேன்.

கட்டடம் ஒன்றல்ல, இரண்டு. பழையதையும் புதியதையும் நடுவில் இடித்துச் சேர்த்திருக்கிறார்கள். பழையதின் மூன்றாம் தளத்திலிருந்து ஏழு படி இறங்கினால் புதியதின் இரண்டாம் தளம். லிஃப்ட் நான்கை அழுத்தினால் ஐந்தில் நிற்கிறது. வரலாறு பகுதிக்கு அம்புக்குறி போட்ட வழியில் போனேன். முதலில் கழிப்பறை, அப்புறம் புத்தகம் தைக்கும் அறை, கடைசியில் மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் துடைப்பத்தோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"வரலாறா? போன வாரமும் ஒருத்தர் இப்படித்தான் வந்து நின்னாரு" என்றார். "மாணவரா?" "இல்ல, வரலாத்து புரபசரு."

கீழே வந்து கவுன்டர் அம்மாவைப் பிடித்தேன். நான் கேட்கும் புத்தகம் கிடங்கில் இருக்கிறதாம். சீட்டு எழுதிக் கொடுத்தால் சின்ன லிஃப்டில் மேலே ஏறி வரும். வெளியே கொண்டுபோகக் கூடாது, உள்ளேயே படிக்க வேண்டும். என் அட்டையை வாங்கிப் பார்த்துச் சீட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். "நாளைக்கு வந்துரும் சார்."

ஜூலை 11, வெள்ளி

பத்து மணியிலிருந்து நாலு மணி வரை கவுன்டர் எதிரில் நின்றேன். வரவில்லை. "கம்ப்யூட்டர்ல பாருங்க சார்" என்றார்.

பார்த்தேன். "வாசகரிடம் உள்ளது."

ஒரே நாளில்! முப்பது வருஷமாக நாதியில்லாமல் கிடந்த புத்தகம், நான் கேட்ட மறுநாளே எவனோ கொத்திக்கொண்டு போயிருக்கிறான். யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். "அத யாருக்கும் சொல்லக் கூடாது சார். விதி."

ஆனால் இரண்டு சேவைகள் உண்டாம். ஒன்று, முன்பதிவு: அவர் திருப்பியதும் எனக்கு வரும். இன்னொன்று, இளஞ்சிவப்புத் தாள்: அதில் எழுதிக் கொடுத்தால் அந்த வாசகரிடம் சேர்ப்பார்கள். இரண்டையும் செய்தேன்.

"அன்புள்ள வாசகரே, தங்கள் ஆய்வு சிறக்க வாழ்த்துகள். தாங்கள் படித்து முடித்ததும் அந்தப் புத்தகத்தைத் திருப்பினால் ஓர் எளிய மாணவன் பிழைப்பான்."

கவுன்டர் அம்மா படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நல்லா எழுதியிருக்கீங்க சார்."

ஜூலை 14, திங்கள்

வாசகரிடம் உள்ளது.

சும்மா நிற்பானேன் என்று கட்டடத்தை அளக்கத் தொடங்கிவிட்டேன். நடையில் என் ஒரு எட்டு எழுபத்தாறு சென்டிமீட்டர். சர்க்காரே ஒப்புக்கொண்ட எட்டு. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு தாளில் வரைபடம். படிகள், தூண்கள், எந்த அலமாரியில் எந்த எண், எந்த மின்விசிறி சுற்றும், எது சுற்றுவதாகப் பாவனை செய்யும், எல்லாம் குறித்தேன். கை தன் வேலையைக் கண்டுகொண்டது. ஒரு வாரத்துக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டேன்.

நான்காம் தளத்தின் கோடியில் நாலு படி, அதன் மேல் ஒரு கதவு. "ஆய்வாளர்களுக்கு மட்டும்." உள்ளே யாரோ இருமினார்கள். பெரிய மனிதர்களாக இருக்கும். சத்தமில்லாமல் இறங்கி வந்து, படத்தில் அந்த இடத்தை வெள்ளையாக விட்டு "அளக்கப்படவில்லை" என்று எழுதினேன்.

ஜூலை 15, செவ்வாய்

வாசகரிடம் உள்ளது.

ஜூலை 17, வியாழன்

உள்ளது.

என் வரைபடத்தை ஒரு பெண் எட்டிப் பார்த்து, "அங்கிள், ஒரு போட்டோ எடுத்துக்கவா?" என்றாள். சாயங்காலத்துக்குள் நாற்பது பேரிடம் போய்விட்டதாம். கவுன்டர் அம்மாவே ஒரு நகல் கேட்டார். பதினொரு வருஷமாக அங்கே வேலை செய்கிறாராம். புதிய கட்டடத்தின் மூன்றாம் தளத்துக்கு ஒருமுறை போனவர், மறுமுறை போக வழி கிடைக்கவில்லையாம்.

ஜூலை 18, வெள்ளி

இரண்டாம் கடிதம். "ஐயா அல்லது அம்மையீர், ஒரு புத்தகத்தை ஒரு வாரம் வைத்திருப்பவர் ஒன்று எழுத்துக் கூட்டிப் படிப்பவர், இல்லையென்றால் படிக்கவே படிக்காதவர். தாங்கள் எந்த வகை?"

கவுன்டர் அம்மா வாங்கிக்கொண்டார். "கொஞ்சம் கடுமையா இருக்கே சார்?" "கடுமையா இருந்தாத்தாம்மா சில பேருக்கு உறைக்கும்" என்றேன். "அதுவும் சரிதான்" என்றார்.

ஜூலை 21, திங்கள்

மானம் போன நாள்.

இரண்டாம் தளத்து ஜன்னலோரம் ஒரு தாடிக்காரர் தினமும் காலையிலேயே வந்து உட்காருகிறார். காக்கி அட்டை போட்ட தடித்த பழைய புத்தகம். நான் அந்தப் பக்கம் போனால் கையால் மறைக்கிறார். சந்தேகமே இல்லை, இவன்தான்! எதிரில் உட்கார்ந்தேன். காற்றோடு பேசுவது போல, "பொதுச் சொத்தை அப்பன் வீட்டுச் சொத்தா நினைக்கிற ஜென்மங்களும் இருக்கு" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைக் கொஞ்ச நேரம் கனிவோடு பார்த்தார். புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். பக்கம் முழுக்கச் சொத்தைப் பற்களின் படம். "பாக்கறவங்க முகம் சுளிக்கிறாங்கன்னுதான் மறைச்சுக்குவேன். உங்களுக்குக் கடவாய்ப் பல்லுல வலியா சார்? தாடையை இறுக்கிப் பிடிச்சுப் பேசறீங்க" என்றார். பல் மருத்துவத்தில் மேற்படிப்பாம்.

இரண்டு மேசை தள்ளி என் மகள். நிபந்தனைப்படி என்னைத் தெரியாதவள் போலவே இருந்தாள். இன்றைக்கு அது எனக்கும் சௌகரியமாக இருந்தது.

ஜூலை 23, புதன்

லிஃப்ட் பக்கத்தில் என் படத்தைப் பெரிதாக்கி ஒட்டிவிட்டார்கள். அதன் கீழே ஒரு நாற்காலியில் உட்கார்ந்ததுதான் தப்பு. காலையிலிருந்து முப்பத்தொரு பேர். "அங்கிள், சட்டம் எங்க?" "சார், பழைய செய்தித்தாள்?" ஒருவர் என்னிடம் குடையைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அத்தனை பேருக்கும் வழி சொன்னேன். அத்தனை பேருக்கும் புத்தகம் கிடைத்தது.

வீட்டில் சொன்னேன். மனைவி தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே, "ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி" என்றாள். இன்னும் ஏழு நாள்.

ஜூலை 25, வெள்ளி

வாசகரிடம் உள்ளது. வாசகரிடம் உள்ளது. வாசகரிடமேதான் உள்ளது.

என்னய்யா மனுஷன் நீ? ரெண்டு கடுதாசி போட்டாச்சு, ஒரு பதில் போட வக்கில்ல? — மூன்றாவதை எழுதினேன். "உங்களைப் போன்றவர்களுக்கெல்லாம் ஆய்வு எதற்கு? பேசாமல் வீட்டில் கிடக்கக் கூடாதா? இந்த இடத்துக்கு உங்களுக்கு என்ன தகுதி இருக்கிறது?"

கவுன்டர் அம்மா படித்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

ஜூலை 28, திங்கள்

நாளை மறுநாள் கெடு. நெறியாளரிடம் நானே போய் விலகிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். துரத்தப்படுவதைவிட மேல். மீசையில் மண் ஒட்டவில்லை என்றாவது சொல்லிக்கொள்ளலாம்.

மேலே உள்ளதை ஆறு மணிக்கு எழுதினேன். இப்போது ஏழரை.

மகள் ஏதோ கட்டுரைக்காக என் படத்தை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, நாலாவது மாடில இந்த இடம் ஏன் வெள்ளையா இருக்கு?"

"அங்க நாம போகக் கூடாதும்மா. ஆய்வாளர்களுக்கு மட்டும்னு போட்டிருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். அடுப்படியிலிருந்து மனைவியும் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா," என்றாள் மெதுவாக, "நீங்க யாரு?"

அட்டையை எடுத்தேன். 214. நூலகம் ஆறு மணிக்கே மூடிவிடும்.

ஜூலை 29, செவ்வாய்

நூலகம் திறக்கும் முன்பே போய் நின்றேன். நாலு படி ஏறினேன். கதவுக்குப் பூட்டே கிடையாது. தள்ளினால் திறக்கிறது.

நீளமான அறை. இரண்டு பக்கமும் சின்னச் சின்ன மேசைகள், ஒவ்வொன்றுக்கும் எண். அன்றைக்கு இருமியவர் ஓர் ஒல்லி ஆசாமி, என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவர், அவ்வளவுதான். 214 ஜன்னலோரம். விளக்கு, நாற்காலி, இழுப்பறை. என் பெயரைத் தட்டச்சு செய்து ஒட்டியிருந்தார்கள், முதலெழுத்தோடு. மேசை நடுவில் கையேடு. பதினொன்றாம் தேதியிலிருந்து அங்கேயே இருக்கிறது. பக்கத்தில் ஒழுங்காக அடுக்கி மூன்று இளஞ்சிவப்புத் தாள்கள்.

உட்கார்ந்து மூன்றையும் படித்தேன். முதலிரண்டுக்கும் சிரிப்பு வந்தது. மூன்றாவதில் சிரிக்க முடியவில்லை. ஆறு மாதமாக யாராவது ஒருநாள் இதை என் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. சொன்னவன் நான். அழுதேன். ஒல்லி ஆசாமி இருமலை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

புத்தகத்துக்கு அடியில் நாலாவதாக ஒரு தாள், நூலகத்தின் முத்திரையோடு. "இப்புத்தகத்துக்காக வேறொரு வாசகர் காத்திருக்கிறார். உடனே திருப்பி ஒப்படைக்கவும்."

புத்தகத்தை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். "ஏம்மா, அது என்கிட்டதான் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"யார்கிட்ட இருக்குன்னு கேட்டீங்க சார். அத யாருக்கும் சொல்லக் கூடாது. எங்க இருக்குன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. அறிமுகத்துல முதல்ல காட்டுறதே அந்த இடத்தைத்தான்."

"மூணு கடிதம் எழுதினேனே!"

"நீங்க உங்களுக்கே எழுதிக்கிறீங்கன்னுதான் நினைச்சேன். ஆய்வு பண்றவங்க நிறைய பேர் அப்படித்தான் சார். மூணாவதப் படிச்சதும்தான் மனசு கேக்கல."

இருபத்தெட்டு வருஷம் 'எங்கே' என்று கேட்டுச் சம்பளம் வாங்கியவன் நான்.

முன்பதிவை நீக்கச் சொன்னேன். முடியாதாம். காத்திருக்கும் வாசகருக்கு உரிமை இருக்கிறதாம். திருப்பிக் கொடுத்தேன். கிடங்குக்குப் போய்த்தான் மறுபடி வர வேண்டுமாம். என் கண் முன்னாலேயே சின்ன லிஃப்டில் ஏறி என் புத்தகம் கீழே போனது. எனக்கு அடுத்து வரிசையில் யாருமில்லை. எனக்கு முன்னாலும் யாருமில்லை. மூன்று மணிக்கு 214-க்கு வந்து சேர்ந்தது. ஆறு வரைக்கும் தலை நிமிரவில்லை.

ஜூலை 30, புதன்

விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து எழுதினேன். மாலை நாலு ஐம்பதுக்கு இயலைக் கொடுத்தேன். அடிக்குறிப்பு முப்பத்தாறு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பதிவு நிலைத்தது. நெறியாளர், "முப்பத்தாறுல நாலு தப்பு. திருத்திக் குடுங்க சார்" என்றார். சரிங்க மேடம் என்றேன். கூச்சம் இல்லை.

காலையில் நாற்காலி போட்டு ஏறி, லிஃப்ட் பக்கத்துப் படத்தில் வெள்ளை இடத்தை நிரப்பினேன். நாலு படி, கதவு, பூட்டு இல்லை.

மத்தியானம் 214-இல் அடிக்குறிப்பு திருத்திக்கொண்டிருந்தபோது கதவு படாரென்று திறந்தது. மகள், கூடவே இரண்டு தோழிகள். படத்தைப் பார்த்து வழி கண்டுபிடித்து வந்திருக்கிறார்கள். "அப்பா!" என்று அறை அதிரக் கூப்பிட்டாள். "இதாண்டி எங்கப்பா!"

சத்தம் போடக் கூடாது என்று மூன்று ஆய்வாளர்கள் ஒரே நேரத்தில் அதட்டினார்கள். நானும் அதட்டியிருக்க வேண்டும். தோன்றவில்லை.