மழைக்குழியில தீ மிதிச்ச கத

டயகம
12.06.2005

அன்பு மகள் புஷ்பராணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. மெல்போர்ன்ல நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாம இருக்க மாரியம்மாள வேண்டிக்கிறேன். இங்க எங்க ஒடம்புக்கு ஒரு கொறையும் இல்ல, மனசுதான் கொதிக்குது.

பொங்கலுக்கு வந்தப்ப கோயில் வாசலுக்குக் கீழ மழைக்குழின்னு ஒரு பள்ளம் வெட்டி, அடியில கல்லு, மேல மணல், அதுக்கு மேல எருக் கலந்த மண்ணு போட்டு கல்வாழை நட்டுட்டுப் போனியே. வாசலுக்கு சீமெந்து போட்டதுலருந்து கீழ் லயத்து வீடுகளுக்குள்ள பாஞ்ச மழத்தண்ணிய எல்லாம் அது பாட்டுக்குக் குடிச்சுச்சு. லயத்துக் கோடியில இருக்குற சின்னராசா வீடு இந்த வருசந்தான் காஞ்சு கெடந்துச்சு. சித்திரையில திருவிழாக் கமிட்டிக்காரனுங்க வந்து பாத்தானுங்க, கோயிலுக்கு நேரா நீளமா ஒரு பள்ளம். தீமிதிக்கு நம்ம புள்ள பூக்குழி வெட்டிக் குடுத்துட்டுப் போயிருக்குன்னு சொல்லி, கல்வாழையப் புடுங்கி எறிஞ்சு, மண்ண திமிசு போட்டு இடிச்சு, வெறக அடுக்கி மூட்டிட்டானுங்க. மொத ஆளா எறங்கி மிதிச்சது யாரு தெரியுமா? கமிட்டித் தலைவர், ஒங்க அப்பா! நான் வேணாம் வேணாம்னு கத்துனேன், பொம்பளைக்கு என்ன தெரியும்னாரு.

வைகாசி மழை புடிச்சுச்சு. இடிச்ச மண்ணும் சாம்பலும் எறுகி ஒரு சொட்டு உள்ள எறங்கல. நாங்க தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன நேரம், சின்னராசா மருமக, பச்ச ஒடம்புக்காரி, புள்ளையோட தரையில படுத்திருக்கா, பாய்க்கு அடியில தண்ணி ஏறிருச்சு. புள்ளைக்கு சளி கட்டி ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க. தோண்டுங்கடான்னா அம்மன் நெருப்பு நின்ன எடமாம், மம்பட்டி பட்டா சாமி குத்தமாம். பச்சப் புள்ள நனைஞ்சது குத்தமில்லையா? நீயும் லேசுப்பட்டவ இல்லடி. இந்தக் குழி எதுக்குன்னு கோயில் கூட்டத்துல ஒரு வார்த்த சொன்னியா? தோட்டத்துத் தொரைக்கிட்ட இங்கிலீசுல படம் காட்டிட்டுப் பிளேன் ஏறிட்ட. போன்ல சொன்னா, விடுங்கம்மா பெரச்சன வேணாம்ங்குற. படிச்ச புள்ள பேசுற பேச்சா இது?

நேத்து நானே மம்பட்டியத் தூக்கிட்டு எறங்கிட்டேன். மாரியம்மாளக் கும்புட்டுட்டுத்தான் மொத வெட்டு வெட்டுனேன். பூசாரி வாய்க்கு வந்தபடி பேசுனாரு. ஒங்க அப்பா என்கூடப் பேச்ச நிறுத்திட்டாரு, திங்க மட்டுந்தான் வாயத் தொறக்குறாரு. பாதி வெட்டியாச்சு. ஆடி மொத வெள்ளி கூட்டம் போட்டு, என்னைய இனிமே கோயிலுக்குள்ள விடுறதா வேணாமான்னு முடிவு பண்றாங்களாம்.

அதுக்கு முந்தி, மணல் எவ்வளவு ஒசரம், மண்ணுல என்ன கலக்கணும், அது எதுக்குன்னு எல்லாத்தையும் தமிழ்ல எழுதி அனுப்பு, மறந்துறாத. கூட்டத்துல நின்னு நானே வாசிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் நூறு வருசம் நல்லா இருக்கணும். கோயில் கதவ எனக்குச் சாத்துனா சாத்தட்டும், ரோட்டுல நின்னு கும்புட்டுக்குவேன். அந்தப் புள்ள ஆஸ்பத்திரியிலருந்து வர்றப்ப தரை காஞ்சிருக்கணும்.

இப்படிக்கு,
ஒன்னைப் பெத்த அம்மா
வீரம்மா