அப்பா வீட்டு முடி

சுண்டு,

தூங்குகிறாய், எழுப்ப மனம் வரவில்லை. சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. இந்தத் தலையோடு பள்ளிக்குப் போகக் கூச்சமாக இருந்தால் இன்று போகாதே. வெளியே கிளம்பினால் சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடு.

நேற்று நீ வெட்டிப் போட்ட முடியை ஒரு உறையில் எடுத்து வைத்திருக்கிறேன். குப்பையில் போடக் கை வரவில்லை. காய்ந்த தலையில் நான் சீப்பைப் போட்டு இழுத்தபோது, "வலிக்குதும்மா, ஈரத்துல விரலால பிரிக்கணும்மா" என்று கெஞ்சினாய். நானோ, "எல்லாம் உங்க அப்பா வீட்டு முடி, குருவிக்கூடு!" என்றேன். அதைக் கேட்டுத்தானே கத்தரிக்கோலை எடுத்தாய்?

அது பொய், கண்ணு. நீ பார்த்தே இராத மனிதர்கள்மேல் பழியைப் போட்டேன். அந்தச் சுருட்டை என் முடி. தினமும் நீ எழுவதற்குள் சூடான ஸ்ட்ரெய்ட்னரால் இழுத்து நேராக்கிவிடுவேன்.

இன்று காலை தலையை நனைத்து அப்படியே விட்டுப் பார்த்தேன். சுருளவில்லை. வைக்கோல் மாதிரி தொங்குகிறது. கடவுள் கொடுத்ததை நானே பொசுக்கிவிட்டேன். உன் கையிலும் கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டேன். அவர் மன்னிப்பார். நீ மன்னிப்பாயா, தெரியவில்லை.

அம்மா

குளித்தால் துண்டால் தேய்க்காதே. என் பழைய பருத்திச் சட்டை கொடியில் இருக்கிறது, அதில் ஒற்றி எடு.

இன்னொன்று. என் பிடரியில், சூடு எட்டாத இடத்தில், ஒரே ஒரு சுருள் மிச்சம் இருக்கிறது. அச்சு அசல் உன்னுடையது. சாயங்காலம் காட்டுகிறேன், பார்க்க மனமிருந்தால்.