கருங்குங்கிலியப் புகை

அக்கா,

ஏற்காடு பஸ் ஸ்டாண்டு அருகே மளிகைக் கடையில் இன்று கருங்குங்கிலியப் புகை போட்டிருந்தார்கள். அந்த வாசம் முகத்தில் அடித்ததும் எனக்குப் பக்தி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நீ போய் இத்தனை வருஷமாகியும்! உப்பு வாங்கப் போனவள் வாங்காமலே கிளியூருக்குத் திரும்பிவிட்டேன்.

மாமா கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபம். உனக்கு மூச்சிழுப்பு வரும் மழைக்காலங்களில் தலைச்சோலைக்கு மேலே காட்டுக்குள் போவார். குங்கிலிய மரத்தின் அடிப்பட்டையைக் கொத்தித் தீ மூட்டிவிட்டு வருவார். சில நாளில் பிசின் வடிந்து கறுப்புக் கண்ணாடிபோல் இறுகியிருக்கும். அதைச் சுரண்டி மடியில் கட்டிக்கொண்டு உனக்காக ஓடிவருவார், உன் புருஷன்.

நீ போன அன்றும் கதவைச் சாத்தி, சன்னலில் சாக்கைத் திணித்து, தணலில் போட்டார்.

"நல்லா உள்ள இழு கண்ணு. சளி அறுத்துக்கிட்டு வந்துரும்."

உன் உதடு நீலம் பாரித்தது. நான் சாக்கைப் பிடுங்கி எறிந்தேன். "பொகையே ஆகாதுன்னு நர்சம்மா சொன்னாங்கல்ல மாமா! ஜீப்புக்குச் சொல்லுங்க!"

"எங்கய்யனுக்கு இதுலதான புள்ள கொணமாச்சு" என்று கலங்கி நின்றார்.

நீயாவது சொல்லியிருக்கலாம். என் கையைப் பிடித்து இழுத்தாய். "உடு புள்ள... காடெல்லாம் அலஞ்சு கொண்டாந்தாரு. நொம்ப மனசு நொந்துருவாரு."

இருந்த கொஞ்ச மூச்சை இதற்கா செலவழித்தாய்?

ஜீப் கிடைத்து, ஏரியைத் தாண்டுவதற்குள் என் மடியிலேயே அடங்கிவிட்டாய். வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியதும் தலைமாட்டில் அதே குங்கிலியம் புகைந்தது. சட்டியோடு தூக்கி வாசலில் வீசினேன். ஊரே ஏசியது. மாமா மட்டும் சிதறிய தணலைக் கையாலேயே பொறுக்கினார். அதைப் பார்த்தும் என் கோபம் ஆறவில்லை. இன்றும் ஆறவில்லை, அவர்மேலும் உன்மேலும்.

என் மகளுக்கும் உன் இழுப்பு வந்திருக்கிறது. மூச்சு முட்டினால் யார் மனசு நோகுமென்று பார்க்காதே என்று சொல்லி வளர்க்கிறேன். போன வாரம் பள்ளிக்கூடத்துப் பூசையில் சாம்பிராணி போட்டதும் நடுவிலேயே எழுந்து வெளியே போய்விட்டாளாம். டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"புள்ளைக்கு மரியாதையே தெரியலைங்க. யாரு சொல்லிக்குடுத்தது?"

"நாந்தானுங்க" என்றேன்.