கேசட்டின் மற்றப் பக்கம்

1983 மார்ச் 8, செவ்வாய்.

மருமகன் சவூதியில் மௌத்தானதாகத் தந்தி வந்து பத்து நாள். இன்று அவர் அனுப்பிய கேசட் தபாலில் வந்தது. உயிரோடிருக்கும்போது பேசி அனுப்பியது. அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோகப் பயமாக இருந்தது. கல்முனையில் ரேடியோ திருத்தும் கடையில் இரண்டு பக்கத்தையும் போட்டுக் கேட்ட பிறகுதான் கொண்டுபோனேன்.

புருஷன் மௌத்தானதற்காக நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல் இத்தாவிலிருக்கும் மகள் ஸரீனா அறைக்குள் வைத்துக் கேட்டாள். "புள்ள, சாப்பிட்டீங்களா? பெருநாளைக்கு வந்திருவன், இன்ஷா அல்லாஹ்." ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு, பதிலுக்காக அவர் கொஞ்சம் நிறுத்துகிறார். அந்த இடைவெளியில் இவள் "ஓம்" என்கிறாள். அவர் மௌத்தான செய்தி அந்தக் குரலுக்கு மட்டும் தெரியவில்லை. என்ன சாமானைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்! கடிதமென்றால் இப்படி மூச்சு விடாது.

ஒரு பக்கம் முடிந்து பொத்தான் மேலே வந்தது. நான் வாய் திறக்குமுன் கேசட்டை எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டாள்.

"மற்றப் பக்கம் இப்ப வேணா வாப்பா. இத்தா முடியக் கேக்கன். அவர்ர கதை இன்னும் மிச்சமிரிக்கெண்டு நினைச்சிட்டாவது இரிப்பன்."

சரி மகள் என்றேன்.

மற்றப் பக்கத்தில் ஒன்றுமில்லை. கடைசிவரை ஓடவிட்டுப் பார்த்தேன், வெறும் இரைச்சல். இத்தா முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.