உறுத்துகிறது என்று எழுதியிருந்தாய்

தாராவி, பம்பாய் – 17
9 பிப்ரவரி 1964

அன்பு மகள் ஜெயசீலிக்கு அப்பா எழுதுவது. சேசுவின் கிருபையால் நாங்கள் மூவரும் சுகம், அங்கே நீயும் அப்படியே இருக்க தினமும் ஜெபமாலையில் கேட்டுக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. தம்பி தனசீலன் வீட்டிலும் இந்தியிலேயே பேசுகிறான், திட்டினால் அதற்கும் இந்தியில்தான் பதில். நீ இருந்தால் காதைத் திருகியிருப்பாய். அயிலை மீன் பொரிக்கிற நாளெல்லாம் அம்மா மீன்தலையை உனக்கென்று எடுத்துவைத்துவிட்டு, பிறகு நினைவு வந்து என் தட்டில் போடுகிறாள், அன்றைக்கு எனக்கும் சோறு இறங்குவதில்லை.

மடத்துக்குப் போன நாளிலிருந்து மதர் நல்லவர், சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றே எழுதுகிறவள், இந்தத் தடவை, கன்னியாஸ்திரியாக வார்த்தைப்பாடு கொடுக்கும் நாள் நெருங்க நெருங்க என்னமோ உறுத்துகிறது என்று எழுதி நிறுத்திவிட்டாய். அன்றிலிருந்து எனக்கு அந்த ஒரு சொல்தான். ஒர்க்‌ஷாப்பில் கண்ணில் இரும்புத்தூள் விழுந்தால் உறுத்துகிறது என்கிறோம், எடுத்தால்தான் தீரும். புதுச் செருப்பும் உறுத்தும், நடக்க நடக்கப் பழகிவிடும். நாம் ரேடியோ வாங்கியது பக்கத்து வீட்டு முருகம்மாளுக்கு இன்னும் கண்ணை உறுத்துகிறது, அதற்கு மருந்தே கிடையாது. பாவம் செய்தவனுக்கு மனசாட்சி உறுத்தும் என்று சாமியார் பிரசங்கம் வைக்கிறார், நீ என்ன பாவம் செய்தாய்? உன்னுடையது பழகிப்போகிறதா, எடுத்தே ஆக வேண்டியதா, எனக்குப் புரியவில்லை பிள்ளை. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பிள்ள எதையோ சொல்லாம முழுங்குது, நீங்க கேட்டு எழுதுங்க என்று அழுகிறாள்.

என் மகள் சிஸ்டர் ஆகப்போகிறாள் என்று அம்மா கோவிலில் எல்லோரிடமும் சொல்லிவைத்தது உண்மைதான். அதை நினைத்து நீ வாயை மூடிக்கொள்ளாதே. திரும்பி வந்தால் ஜனங்கள் நாலு நாள் பேசுவார்கள், பேசட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். மடத்திலேயே மனசு நிற்கிறதென்றால் சந்தோஷமாக வந்து முன் பெஞ்சில் உட்காருவோம். இல்லையென்றால் ஒரு தந்தி போதும், நானே வந்து அழைத்துவருகிறேன். உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்பதற்காக இதை எழுதவில்லை. பார்க்க வேண்டும் போலிருப்பதும் நிஜம்தான்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு பூசைக்குப் போகாதே. பதில் எழுத மறக்காதே. மாதா உன்னைக் காப்பாளாக.

மதர் அவர்களுக்கு, பிள்ளைகள் எழுதும் கடிதத்தையும் அவர்களுக்கு வரும் கடிதத்தையும் நீங்கள் முதலில் படிப்பது மடத்து வழக்கம் என்று தெரியும். அவள் எழுதிய அந்த வரியை அடிக்காமல் அனுப்பினீர்கள், ரொம்ப நன்றி. பெரியவர்கள் கேட்டால் சரி என்றே சொல்லி வளர்ந்தவள் அவள். சம்மதமா என்று ஒரு தடவை கேட்டதோடு விட்டுவிடாதீர்கள், இன்னொரு தடவையும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஜெயசீலியின் அப்பா
ச. மிக்கேல்ராஜ்