அக்காவை ஸ்டார்ட் செய்த கதை

என் லாரிக்கார அப்பாவுக்கு,

அங்கே ரோடு எப்படி இருக்கிறது? இங்கே புதுச்சத்திரத்தில், உங்கள் வண்டி நின்ற இடத்தில் அம்மா துணி காயப்போடுகிறார். ஒரு நல்ல சேதி. அக்கா பாஸ்.

நீங்கள் சாமியிடம் போன பிறகு, "இனிப் படிப்புத்தான் நமக்குச் சோறு, பந்து வேண்டாஞ் சாமி" என்றார் அம்மா. தினமும் ஆடிய வாலிபாலை அக்கா பரணில் போட்டுவிட்டாள். இன்ஜினியரிங் கல்லூரி விட்டு வந்தால் நாற்காலிதான், சாப்பாடும் அதிலேயே. அப்படி உட்கார்ந்தும் கணக்கில் அரியர் விழுந்தது. மறுபடி எழுதியும் வரவில்லை. இன்னொரு முறை போனால் பட்டம் தள்ளிப்போகும், கேம்பஸில் கிடைத்த வேலையும் போய்விடும்.

"ஒரே பக்கத்தை நாலு தடவை படிக்கிறேன் பாப்பா, ஒண்ணும் ஏற மாட்டேங்குது" என்றாள் என்னிடம்.

அப்போது உங்கள் ஞாபகம் வந்தது. லோடு இல்லாத நாளிலும் காலையில் செல்ஃப் எடுத்து வண்டியை ஸ்டார்ட் செய்து உறும விடுவீர்களே. டீசல் வீண் என்று அம்மா திட்டினால், "சும்மா நிறுத்தி வெச்சா பேட்டரி எறங்கிரும் அம்மணி" என்பீர்கள்.

அதையே அம்மாவிடம் சொன்னேன். "அம்மா, அக்காளுக்குப் பேட்டரி எறங்கிருச்சுங்க."

"உங்கொப்பன் வாயி அப்படியே இருக்குது" என்றார். மறுநாள் பந்தைப் பரணிலிருந்து அவரே இறக்கினார்.

காலையில் பள்ளி மைதானத்தில் ஓட்டம், மாலையில் பந்து, பிறகு படிப்பு. நேரம் பார்ப்பது நான். இரண்டு வாரத்தில் புத்தகத்தின் மேல் தூங்கி விழுவது நின்றது. ஓடும்போதே சூத்திரங்களைச் சொல்வாள், வேப்பமரத்தில் ஒன்று, கம்பத்தில் ஒன்று. தண்ணீர்த்தொட்டி அருகே நாய் துரத்தியபோது சொன்ன சூத்திரம் மட்டும் பரீட்சையில் நினைவுக்கு வரவில்லையாம். "நாய்தான் வந்துச்சு" என்கிறாள்.

ஓட்டம்தான் பாஸ் செய்ய வைத்ததா? எனக்கு உறுதியாகத் தெரியவில்லை அப்பா. உட்கார்ந்து படித்தது அவள்தானே. ஆனால் படித்தது உள்ளே ஏறியதைக் கண்ணால் பார்த்தேன்.

அடுத்த வருடம் எனக்குப் பத்தாம் வகுப்பு. அரைச் சுற்றிலேயே எனக்கு மூச்சு வாங்கும், உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் நாளை முதல் அக்காவோடு ஓடுவேன், லோடு இல்லாத நாளிலும்.

தினமும் செல்ஃப் எடுக்கப்போகும்
உங்கள் சின்ன மகள்