ஒரு கழித்தல் குறி

ஜூன் 8, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கத்திரி முடிந்துவிட்டதாம். தி. நகருக்கு யாரும் சொல்லவில்லை போல. கோச்சிங் சென்டரில் ஏசி ரிப்பேர். பிள்ளைகள் நான் கொடுத்த நோட்ஸை மடித்து விசிறிக்கொண்டார்கள். அந்த அளவுக்காவது பயன்.

வாங்க: பத்மாவுக்கு தைராய்டு மாத்திரை, கேஸ் ட்யூப், சிவப்பு மார்க்கர்.

மதியம் ரகுவிடமிருந்து வாட்ஸப். புதன் மாலை மயிலாப்பூரில் அவன் சொற்பொழிவு. தலைப்பு, ‘எடை எங்கிருந்து வருகிறது?’ "நீ அவசியம் வரணும்டா." பேசப்போவது எங்கள் கட்டுரையைப் பற்றித்தான். ஆராய்ச்சி மாணவர்களாக இருந்தபோது திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் மூட்டைப்பூச்சிக் கடியில் இருவரும் சேர்ந்து எழுதியது. அவன் ஆராய்ச்சியிலேயே நின்றான், இன்று அடையாற்றில் பேராசிரியர். நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சாய்தளத்தில் கட்டை சறுக்க விடுகிறேன். என் பெயரில் வெளிவந்த ஒரே கட்டுரை அது.

இன்று மறுபடி எடுத்துப் படித்தேன். வெற்றிடம் வெறுமை அல்ல. குவாண்டம் புலங்கள் அதில் ஓயாமல் நடுங்கிக்கொண்டே இருக்கின்றன. நிறை என்பது துகளின் சொந்தச் சொத்து இல்லை, புலங்கள் கொடுப்பது. ஈர்ப்பும் தனி விசை இல்லை. அந்த நடுக்கம் வெளிக்குத் தருகிற விறைப்பு, அவ்வளவுதான்.

அழகான யோசனை. ஆனால் தப்பு. ஒருவகைப் புலத்தின் பங்கை இருவருமே சேர்க்காமல் விட்டிருக்கிறோம். போன வருடம்தான் கண்ணில் பட்டது. சேர்த்தால் விடைக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஈர்ப்பு, விலக்கு ஆகிவிடுகிறது. மாடியிலிருந்து போட்ட கல் மேலே போகும். ரகுவுக்கு அப்போதே மெயில் எழுதினேன். பதில் இல்லை.

ஜூன் 10, புதன்

மாலை லேசான தூறல், உடனே நின்றுவிட்டது. ஹால் நிறைய ஆட்கள். காபி நன்றாக இருந்தது.

ரகு நன்றாகப் பேசுகிறான், ஒத்துக்கொள்ள வேண்டும். புலங்கள், நடுக்கம், விறைப்பு எல்லாம் குழந்தைக்குக்கூடப் புரியும்படி. நடுவில் என்னைக் கை காட்டினான். "இதுல பாதி மூளை பாலுவோடது. அதோ ஒக்காந்திண்டிருக்கான்." கைதட்டல். பின் வரிசையில் இரண்டு பெண்கள்:

"இவர் எங்க இருக்காராம்?"

"டியூஷன் எடுக்கறாராம்."

"அடப் பாவமே."

கேள்வி நேரத்தில் எழுந்தேன். விடுபட்ட புலத்தைச் சேர்த்தால் குறி மாறாதா என்று கேட்டேன். ரகு சிரித்தான். "பாலு அப்போலேர்ந்தே இப்படித்தான். கேசரி குடுத்தாலும் கல் இருக்கான்னு பாப்பான்." ஹால் முழுக்கச் சிரிப்பு. அடுத்த கேள்விக்குப் போய்விட்டான்.

முடிந்ததும் கார் நிற்கும் இடத்தில் பிடித்தேன்.

"என் மெயில் வந்ததா இல்லையா?"

"வந்தது. நீ சொல்றது கரெக்ட்தான். அதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்டா."

"தெரிஞ்சுமா மேடையில நின்னு..."

"ப்ராஜெக்ட் ஓடிண்டிருக்கு. அதை நம்பி ஸ்டூடண்ட்ஸ் இருக்கா. நடுவுல கதவைச் சாத்த முடியுமா? நீ வெளில இருக்கே, ஒனக்கு இதெல்லாம் புரியாது."

ஆத்துக்குக் கொண்டுவிடட்டுமா என்று வேறு கேட்டான். நடந்தே அபிராமபுரம் வந்தேன். நீ வெளியில் இருக்கிறாய். வழி முழுக்க அதுதான்.

ஜூன் 11, வியாழன்

தலைவலி. இரண்டு வகுப்பு. பத்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அது தப்புன்னு ஊருக்குத் தெரிஞ்சா உங்க பேரும்தானே போகும்?"

"போகும்."

"பேப்பர் போட்ட மாப்பிள்ளைன்னு சொல்லித்தான் எங்கப்பா கட்டி வெச்சாரு. அதுவும் இல்லன்னா என்னதான் மிச்சம்?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். பாதி.

ஜூன் 13, சனி

வகுப்பு முடித்து வெளியே வந்தால் வாசலில் ஒரு பெண். இருபத்தைந்துக்கு மேல் இருக்கும். தோளில் பை, முகம் முழுக்க வியர்வை. கலைவாணி. ரகுவின் பிஎச்டி மாணவி. புதன்கிழமை ஹாலில் இருந்தாளாம். வீடு முன்பு கூவம் ஓரம், காலி செய்யவைத்து இப்போது ஊருக்கு வெளியே பெரும்பாக்கம். அங்கிருந்து பஸ் மாறி வந்திருக்கிறாள்.

டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். "நைனா, கொஞ்சம் தள்ளிக்க" என்று மாஸ்டர் எங்களுக்கு இடம் பண்ணிக் கொடுத்தார். அவள் டீயைத் தொடவில்லை.

"நீங்க கேட்ட அதே கேள்விய நான் சார்கிட்ட கேட்டேன் சார். கணக்கு முழுசாப் போட்டுக் குடுத்தேன். எல்லாப் புலத்துக்கும். சைன் மாறுது, மைனஸ் வருது."

"என்ன சொன்னார்?"

"அத்த அப்பிடியே வெச்சுட்டு மத்த சாப்டர எழுதுன்னாரு. எப்பிடி சார்? என் தீசிஸே அந்தப் பேப்பர் மேலதான் நிக்கிது. வெளிய இருந்து பரீட்சை பண்ண வர்றவரு ஒருத்தராவது கண்டுபுடிப்பாரு. மாட்டுனா நான்தான் மாட்டுவேன். அவருக்கு இன்னா?"

கோபத்தில் ‘இன்னா’ வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எதற்கு.

அவள் கேட்டது இதுதான். கட்டுரையில் என் பெயரும் இருப்பதால், தப்பு என்று நானே அதை வெளியிட்ட ஆய்விதழுக்கு எழுதலாம். வெளியானால், தப்பைக் கண்டுபிடித்ததையே அவள் தீசிஸாக ஆக்கிக்கொள்வாள்.

அவள் கணக்கைக் காட்டினாள். என்னுடையதைவிடச் சுத்தம். நான் தோராயமாகத் தாண்டிய இடத்தை அவள் நிரூபித்திருக்கிறாள். பொறாமையாகக்கூட இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனாள். டீ ஆறி ஏடு கட்டிவிட்டது.

ஜூன் 15, திங்கள்

காற்றே இல்லை. விடிந்ததிலிருந்து எழுதினேன். எங்கள் கட்டுரையின் முடிவு தவறு, முழுக் கணக்கு கலைவாணியுடையது. ஒரே பக்கம். என் பெயரில் இருக்கும் ஒரே கட்டுரையைச் சாகடிக்க ஒரு பக்கம் போதும் என்பது மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் உறைத்தது.

அனுப்பும் முன் ரகுவுக்குப் போன் செய்தேன். முதுகில் குத்தக்கூடாது அல்லவா. கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நீ பண்றது சரிடா. இத்தனை நாள் நான் கோழையா இருந்துட்டேன். இந்த வாரம் டைம் குடு, மூணு பேரும் சேர்ந்தே எழுதலாம். கலைவாணி பேரை முதல்ல போட்டுடலாம்."

குரல் கம்மியது. நம்பினேன். எழுதியதை அவனுக்கே அனுப்பியும் வைத்தேன்.

கலைவாணியிடம் சொன்னபோது போனில் அழுதாள். "தேங்க்ஸ் சார், தேங்க்ஸ் சார்" என்பதைத் தவிர வேறு பேச்சு வரவில்லை.

ஜூன் 19, வெள்ளி

கேஸ் ட்யூப் மாற்றியாயிற்று.

ரகு திருத்தக் கட்டுரையை இணையத்தில் ஏற்றிவிட்டான். தனியாக. முடிவு தவறு, நானே திருத்துகிறேன் என்று. என் ஒரு பக்கம் அதில் முன்னுரையாக இருக்கிறது, வாக்கியம் மாறாமல். கலைவாணியின் கணக்கு நடுவில். கடைசியில் சின்ன எழுத்தில், ‘பயனுள்ள உரையாடலுக்காக’ எங்கள் இருவருக்கும் நன்றி.

அதோடு முகநூலிலும் பதிவு. ‘அறிவியலில் தவறை ஒப்புக்கொள்வதே பெருமை.’ நூற்றுக்கணக்கில் கைதட்டல்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா, நேர்மையின் சிகரம், தலைவணங்குகிறேன் சார். பத்மாவின் அண்ணன்கூட அதை எனக்கே அனுப்பியிருக்கிறார். "உங்க ஃப்ரெண்டு கிரேட் மாப்ளே."

போன் செய்தேன், எடுக்கவில்லை. பிறகு ஒரு செய்தி: "அவசரமாப் போட வேண்டியதாப் போச்சு. நேர்ல சொல்றேன்."

தப்பு செய்தபோது அதில் இரண்டு பெயர். திருத்தியபோது ஒன்று.

ஜூன் 22, திங்கள்

மழை வருவது போல இருந்து வரவில்லை. சென்டரில் பிசிக்ஸ் எடுக்கிற இன்னொருவர் நின்றுவிட்டார். தெரிந்தவர் யாராவது உண்டா, நாளைக்கே சேரலாம் என்று மேனேஜர் கேட்டார். பார்க்கிறேன் என்றேன்.

சாயங்காலம் கலைவாணி போன். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"நான் போட்ட கணக்கு சார் அது. இப்ப அதையே தீசிஸ்ல போட்டா அவரு பேப்பரப் பாத்து எழுதுனேன்னு ஆவும். வேற தலைப்பு எடுத்துக்கோங்கறாரு. முதல்லேர்ந்து."

"கைடை மாத்திக்க முடியாதா?"

"யாரு சார் எடுப்பா? அவரைத்தான் இப்ப எல்லாரும் கும்புடுறாங்களே."

அவனுக்குப் போன் செய்ததே நான்தான். அவளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

"சார், எல்லாத்தையும் விட்டுடலாம்னு கீது. உங்க சென்டர்ல எனக்கு எதாவது வேலை கிடைக்குமா? எவ்ளோ குடுத்தாலும் பரவால்ல."

இவளும் என்னைப் போல வெளியில் வந்துவிட்டால்? இல்லையம்மா, இங்கே இடமே இல்லை என்றேன். வேறு சென்டர்களிலாவது என்றாள். எங்கேயும் இல்லை என்றேன்.